தேரொலிக்குப் பின்

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். வினைமேற் செல்லும் தலைவன் கார்காலம் தொடங்கும்போது மீள்வதாகச் சொல்லிப் பிரிவதும், அச்சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு தலைவி இல்லிருந்து காத்திருப்பதும் இத்திணையின் உள்ளீடு. பள்ளியில் இதனைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றபின் பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்தவர்கள் நம்முள் பலர். ஆயினும் புனே நகரில் வாழும் தமிழர்க்கு முல்லை வெறும் ஏட்டுச் செய்தியன்று. தரைப்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் இந்நகரில் இருக்கிறது. கட்கியிலும் கண்டோன்மென்டிலும் படைத்துறையைச் சார்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. எல்லைக்குச் சென்ற கணவனின் கடிதத்துக்கு அந்நாளிலும், கைப்பேசி அழைப்புக்கு இந்நாளிலும் காத்திருக்கும் தமிழ்ப் பெண்ணை நம் தெருவிலேயே காண்கிறோம்.

காத்திருந்தவளின் துயரைப் பாடாத புலவர் இலர். காத்திருப்பு முடிந்தபின் வரும் துயர் ஒன்று உண்டு. போர்மேற் சென்றவன் உடலால் மீண்டு உள்ளத்தால் மீளாதிருந்தால், இளமையில் வேர்விட்ட காதல் அதனை எவ்வாறு தாங்கும்? நம் இலக்கியம் இதற்கு என்ன சொல்கிறது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பாட்டில் இரண்டு படுக்கைகள்

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றிய பிறகே இச்சிறு பாட்டின் பெருமை நம் காலத்தவர்க்குப் புலனாயிற்று. பாட்டுடைத் தலைவனின் பெயரைப் புலவர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமையால் அவன் எந்தப் படைவீரனாகவும் நமக்குத் தோன்றக்கூடும்.

மழை பெய்யும் மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நற்சொல் கேட்க நிற்கின்றனர். தாய்ப்பசு மேயப் போயிருக்க, கட்டுண்டு நடுங்கும் இளங்கன்றை நோக்கி, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆயர்மகள் ஒருத்தி தேற்றுகிறாள். அவ்வாய்ச்சொல்லையே நல்ல நிமித்தமாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியிடம் வந்து சொல்கின்றனர். அவள் தேறவில்லை, கண்ணீர் நிற்கவில்லை.

அடுத்து, காட்டினிடையே அமைந்த பாசறை காட்டப்படுகிறது. கவளத்தை மறுக்கும் யானையை இளம் பாகர் வடமொழிச் சொற்களைச் சொல்லி உண்ணச் செய்கின்றனர். வடபுலத்துப் பேச்சினிடையே வாழும் நமக்கு அவ்வடிகள் தனிச் சுவை தருவன. கச்சில் வாள் பூண்ட மகளிர் விளக்கேற்றுகின்றனர். நாழிகை அளப்போர் பொழுது அறிவிக்கின்றனர். இத்தனைக்கும் நடுவே மன்னன் உறங்காமல் இருக்கிறான். ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்கிறது. கடகம் அணிந்த மற்றொரு கை தலையைத் தாங்கியிருக்கிறது. வாள் வெட்டுண்டு வருந்திப் பிடியை மறந்த களிறுகளையும், செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட வீரர்களையும், உடலில் அம்பு தைத்துச் செவி சாய்த்து இரை உண்ணாத குதிரைகளையும் அவன் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பிடியை மறந்த களிறு என்னும் செய்தியை நாம் பலமுறை படித்துக் கடந்திருக்கிறோம். ஒருமுறை நின்று நோக்குதல் வேண்டும். அகப்பாட்டு மரபில் களிறும் பிடியும் அன்புக்கு அடையாளம். பாலை வழியில் பிடியின் பசி தீர்க்க மரப்பட்டை உரித்துத் தரும் களிற்றைக் கண்டு தலைவன் தன் தலைவியை நினைப்பான் என்று தோழி தேற்றுவது மரபு. அக்களிறே இங்குப் புண்ணின் வேதனையால் தன் துணையை மறந்து நிற்கிறது. போர் உடலை வருத்துவதோடு அமையாது அன்பின் நினைவையும் மாய்க்கக்கூடும் என்பதை, தலைவன்மேல் ஏற்றாமல் விலங்கின்மேல் ஏற்றிப் புலவர் சொல்லிவிட்டார்.

இனித் தலைவியின் படுக்கை. எழுநிலை மாடத்தில், பாவை விளக்கின் சுடர் அருகே, கூரையிலிருந்து வீழும் மழைநீரின் ஓசையைக் கேட்டபடி அவள் கிடக்கிறாள். அவளும் நெடுநேரம் நினைக்கிறாள்; தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள்; கழலும் வளையைத் திருத்துகிறாள்; அம்பேறுண்ட மயில்போல் நடுங்குகிறாள். அவள் நிலையை உரைக்கப் புலவர் ஆளும் சொற்களுள் ஒன்று 'மையல்'. அறிவு மயங்குதலுக்கு நாம் இன்றும் ஆளும் சொல் அது. அங்கே உறங்காத ஒருவன், இங்கே உறங்காத ஒருத்தி. நெடிது நினைத்தல் இருவர்க்கும் பொதுவாகிறது.

தொல்காப்பியர் முல்லைக்குப் புறனாக வஞ்சியை வைத்தார். வஞ்சி, மண் கொள்ளப் படையெடுத்துச் செல்லுதல். வீட்டில் காத்திருத்தலும் படையில் செல்லுதலும் ஒரே செய்தியின் அகமும் புறமும் என்பதே அதன் கருத்தாகலாம். அவ்விரு பக்கத்தையும் ஒரே பாட்டில் ஒருங்கே காட்டியமை நப்பூதனாரின் தனித்திறன்.

உரையாசிரியரின் தயக்கம்

நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளை முன்னும் பின்னுமாக மாட்டிப் பொருள் உரைத்தார். முல்லை என்றால் ஆற்றியிருத்தல். தலைவி ஆற்றாது புலம்பினாள் என்றால் அது இரங்கலாகிய நெய்தல் ஆகிவிடும். இலக்கணத்துக்கு மாறுபடாமல் தலைவியை அடக்கமுடையவளாக்க வேண்டும் என்பது அவர் கவலை. மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இம்முறையை மறுத்து, பாட்டைக் கிடந்தபடியே கொண்டு பொருள் கண்டார். நம் கருத்தும் அடிகளாரைச் சார்ந்ததே. தலைவி மயங்கினாள், நடுங்கினாள் என்று புலவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்க, அவள் பொறுமையுடன் இருந்தாள் என்று காட்ட முயல்வது திணையின் மானத்தைக் காப்பதாகுமேயன்றிப் பெண்ணின் உண்மையைக் காப்பதாகாது. இத்தயக்கம் பழைய உரைகளோடு ஒழிந்ததன்று. நம் குடும்பங்களிலும் அது உண்டு.

பாட்டு எவ்வாறு முடிகிறது? உறங்காதிருந்த மன்னன் வெற்றிக்குப் பின் பாசறையில் இனிது துயில்கிறான். அவன் மீண்டு வரும் தேரிற் பூண்ட குதிரைகளின் கனைப்பொலி, மழையோசையைக் கேட்டுக் கிடந்த தலைவியின் செவியை நிறைக்கிறது. அவ்வளவே. இருவரும் சந்தித்ததைப் புலவர் பாடவில்லை. புணர்தல் குறிஞ்சிக்கு உரியது; முல்லை தேரொலியோடு நிற்பதே முறை. ஆதலின் புலவரைக் குறைகூற இடமில்லை. ஆயினும் நமக்கு ஒரு வினா எஞ்சுகிறது. அந்த வெற்றித் துயில் கிட்டாதவன் வீடு திரும்பினால் என்ன நேரும்?

பாட்டு நின்ற இடத்தில் தொடங்கிய வாழ்க்கை

ஆண்டுகள் சிலவற்றுக்கு முன் நாம் குடியிருந்த வரிசையில் ஓர் இளம் தம்பதியர் இருந்தனர். பள்ளிப் பருவத்திலேயே ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டார் மறுப்பையும் கடந்து மணந்தவர்கள். அவர் படையில் சிப்பாய். பனிமலைக் காவலுக்குச் சென்று ஈராண்டு கழித்துத் திரும்பினார். தெருவே அவரை வரவேற்றது. நாமும் இனிப்பு உண்டோம்.

சில நாட்களில் அவர் இரவில் உறங்குவதில்லை என்பது சுவர் வழியே தெரிந்தது. விநாயகர் ஊர்வலத்தின் தோல் முழக்கம் கேட்ட மாலையில் அவர் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தார். முல்லைப்பாட்டில் தலைவியின் செவியை நிறைத்து உயிர் தந்தது ஓர் ஒலி. இங்கோ ஊரார் மகிழும் ஒலியே ஒருவனைச் சிதைத்தது. அப்பெண் கதவைச் சாத்தி, வானொலியை உரக்க வைத்து எல்லாவற்றையும் மறைத்தாள். நாம் செய்தது என்ன? குழந்தை எப்போது என்று வினவினோம். கண்ணேறு கழிக்கச் சொன்னோம். குணசீலம் சென்று தங்கினால் சரியாகும் என்று வழி சொன்னோம். குடிப்பழக்கமோ என்று நம்முள் பேசிக்கொண்டோம். மருத்துவரிடம் அழைத்துச் செல் என்று எவரும் சொல்லவில்லை. சொன்னால் 'எரவாடா' என்று பொருள்படும் என்ற அச்சம். சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படியோ, புனேயில் எரவாடா அப்படி. சிறைச்சாலைக்கும் மனநல மருத்துவமனைக்கும் ஒரே ஊர்ப்பெயர் வாய்த்தமையால், நோயாளியும் குற்றவாளியும் மக்கள் நாவில் ஒன்றாகிவிட்டனர்.

ஒருநாள் அப்பெண் எம் துணைவியாரிடம் சொன்னாள்: “எல்லாரும் அவரு வந்துட்டாருன்னு சொல்றாங்கக்கா. எனக்குத்தான் தெரியும், அவரு இன்னும் வந்து சேரல்லே.”

முல்லைப்பாட்டைப் பல ஆண்டுகள் படித்தும் நமக்குத் தோன்றாத பொருளை அச்சொல் தோற்றுவித்தது. தேர் வந்தது, தலைவன் வரவில்லை. இப்படி ஒரு முல்லை உண்டு. இதற்குத் துறைப்பெயர் இல்லை.

வேலன் வந்த வீடு

மனநோயைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். களவின் நிலைகளை எண்ணும் தொல்காப்பியர் வேட்கையில் தொடங்கி மறத்தல், மயக்கம், சாக்காடு எனக் கொண்டுபோய் முடிக்கிறார். அன்பு முற்றினால் அறிவு தடுமாறும் என்பதை இலக்கணமாகவே எழுதிவைத்தது பெரிய செய்தி. வெறியாட்டுப் பாடல்களோ இன்னும் ஒருபடி மேல். மகள் மெலிகிறாள், தாய் முருகன் தீண்டியதாகக் கருதி வேலனை அழைக்கிறாள், ஆட்டை அறுக்கின்றனர். தோழியோ உள்ளுக்குள் நகைக்கிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் களத்துக்கு வந்த முருகனையே அறியாதவன் என ஏசும் பாட்டு நற்றிணையில் உண்டு. நோய் ஒன்று, செய்யும் மருந்து வேறொன்று என்னும் அறிவு அத்தோழிக்கு இருந்தது.

அந்தத் தோழியின் மரபில் வந்த நாட்டில்தான் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையாயினர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்திருக்கிறது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் விலக்கலாம். நம் சொற்களால் பூட்டும் சங்கிலியை யார் விலக்குவது? எம் அயல்வீட்டில் வேலன் வேடம் பூண்டவர்கள் நாமே.

பிறமொழியார் சென்ற தொலைவு

தமிழுக்கு அடங்கிய வினாவன்று இது. ஆதலின் பிறரையும் நோக்குவோம். ஓமரின் ஒடிசி 24 காண்டங்கள் கொண்டது. போருக்குச் சென்ற ஒடிசியசு 13-ஆம் காண்டத்திலேயே தன் தீவை அடைந்துவிடுகிறான். மனைவி பெனிலபி அவனைத் தன் கணவன் என ஏற்பது 23-ஆம் காண்டத்தில். ஊர் வந்து சேர்வதற்கும் வீடு வந்து சேர்வதற்கும் இடையே பத்துக் காண்டங்கள்! முதிய செவிலி காலின் தழும்பைக் கண்டு அவனை அறிகிறாள். மனைவியோ, தாங்கள் இருவர் மட்டும் அறிந்த கட்டிலின் அமைப்பைக் கொண்டு சோதித்த பின்னரே நம்புகிறாள். உடலின் வடுவைப் பிறரும் அறிவர். உள்ளே இருப்பவன் அவன்தானா என்பதை உடன் வாழ்பவளே அறிவாள். அயலகத்துப் பெண் எம் இல்லத்தில் சொன்னதும் அதுவே.

சோபகிளிசின் 'அயாக்சு' நாடகம் இன்னும் கடுமையானது. மாவீரன் ஒருவன் பித்தேறிக் கால்நடைகளைப் பகைவர் என மயங்கி வெட்டுகிறான். தெளிந்தபின் நாணத்தால் உயிர்விடுகிறான். அவனோடு வாழும் தெக்மெசா அதனைத் தடுக்க மன்றாடும் இடம் நெஞ்சை உருக்குவது. நோயினும் நாணம் கொடிது என்பதை அந்நாடகம் காட்டுகிறது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. சந்திரதர் சர்மா குலேரி 1915-இல் எழுதிய 'உசனே கஹா தா' என்னும் சிறுகதையை, அலுவலகத்துக்காக இந்தி கற்ற நம்மவர் பலர் படித்திருப்பர். அமிர்தசரசுக் கடைத்தெருவில் சிறுவன் ஒருவன் சிறுமி ஒருத்தியைச் சந்திக்கிறான். ஆண்டுகள் பல கழிந்தபின் அவள் தன் கணவனையும் மகனையும் காக்கும்படி அவனிடம் வேண்டுகிறாள். முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் அவர்களைக் காத்து, நினைவு பிறழ்ந்த நிலையில், பழைய கடைத்தெருவுக்கே உள்ளத்தால் சென்று அவன் உயிர்விடுகிறான். இளமைக் காதலையும் போரையும் மனமயக்கத்தையும் இணைத்த அரிய கதை. எனினும் அவன் வீடு திரும்பவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்த பெருநாவல். அதன் பாண்டியனும் அயல்மண்ணிலேயே மடிகிறான். மாண்டவனைப் பாடுதல் எளிதாக இருக்கிறது. அவன் புகழோடு முடிந்துவிடுகிறான். மீண்டவனோ மறுநாள் காலையில் எழுந்து, குழாயடியில் நின்று, பக்கத்து வீட்டாரின் பார்வையைத் தாங்கி வாழவேண்டியவன்.

திரைப்படத்தில் மனநோய் பெரும்பாலும் கடைசிக் காட்சியின் ஒரு தலையடியால் தீர்வது. 1982-இல் பாலுமகேந்திரா இயக்கிய 'மூன்றாம் பிறை' அவ்வழியினின்று விலகியது. அதில் நோய் தீர்கிறது; ஆனால் நோய்க்காலத்தில் பேணியவனை அவள் அறியாள். பேணுதலுக்குக் கைம்மாறு உறுதியில்லை என்னும் கசப்பைத் துணிந்து காட்டியமையால் அப்படம் நிலைத்தது. போர் அதில் இல்லை. ஆயினும் நோயுற்றவரோடு வாழும் அன்பின் தனிமை அதில் இருக்கிறது.

மருத்துவமும் இதனை விரைவில் ஏற்றுவிடவில்லை. 1915-இல் சார்லசு மயர்சு என்னும் மருத்துவர் போர்வீரரின் இந்நிலையைக் 'குண்டதிர்ச்சி' என்று மருத்துவ இதழில் குறித்தார். அந்நாளில் அதனைக் கோழைத்தனம் என்றவரும் இருந்தனர். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்வகைப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு தனிப்பெயர் பெற்றது. பெயர் வர அறுபத்தைந்து ஆண்டுகள்! கட்கியில் ஊனமுற்ற படைவீரர்க்குத் தொழில் கற்பிக்கும் குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் உள்ளது. 1917-இல் தொடங்கப்பெற்றது அது. முதுகுத்தண்டு முறிந்த வீரர்க்கான மறுவாழ்வு மையமும் 1974 முதல் அங்கே இயங்குகிறது. சக்கர நாற்காலியில் செல்லும் வீரனைக் கண்டால் நாம் எழுந்து வழிவிடுகிறோம். உள்ளம் புண்பட்டவனைக் கண்டால் குழந்தையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம்.

நக்கீரர் ஏந்திய விளக்கு

அப்படியானால் நம் இலக்கியத்தில் விடையே இல்லையா? உண்டு என்பதே நம் துணிபு. அதனை முல்லைப்பாட்டில் தேடாமல் நெடுநல்வாடையில் தேடவேண்டும்.

நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட அப்பாட்டில், அரசி தந்தக்கால் கட்டிலில் ஆற்றாது கிடக்கிறாள். மேற்கட்டியில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். பணிப்பெண்டிர் போர் விரைவில் முடிய வேண்டுமெனக் கொற்றவையைப் பரவுகின்றனர். பாட்டு உடனே பாசறைக்குத் தாவுகிறது. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் துயில்கொள்ளாமல் வெளியே வருகிறான். காற்றில் சுடர் சாயும் விளக்கின் வெளிச்சத்தில், படைத்தலைவன் முன்சென்று காட்ட, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் கண்டு செல்கிறான். வேப்பம்பூ பாண்டியனைச் சுட்டுவதால் இப்பாட்டு அகமன்று, புறமே என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கு இருக்கட்டும். காதலின் துயரையும் காயம்பட்டவரைக் காணச் செல்லும் கடமையையும் ஒரே இரவில் புலவர் வைத்தமையே நாம் கொள்ளவேண்டியது. இப்பாட்டிலும் தலைவனும் தலைவியும் சந்திப்பதில்லை. ஆனால் புண்பட்டவன் தனித்து விடப்படவில்லை. அவனிருக்கும் இடத்துக்கு விளக்கோடு ஒருவர் செல்கிறார்.

அயலகத்துப் பெண்ணுக்கு அவ்விளக்கை முதலில் ஏந்தியவர் மொழி அறியாத ஒரு மராத்திய மூதாட்டி. தம் மகனுக்கும் இவ்வாறு நேர்ந்தது என்று கூசாமல் சொல்லி, படைத்துறை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவ்விருவரையும் தாமே அழைத்துச் சென்றார். மருந்தும் பேச்சும் ஓய்வுமாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முழுதும் நலம் என்று சொல்லமாட்டோம். மழைக்கால இரவுகள் இன்னும் கடினம் என்று கேள்வி. அவர் படையினின்று விலகி இப்போது வேறொரு வேலையில் இருக்கிறார். சென்ற பொங்கல் விழாவில் இருவரும் பின்வரிசையில் அமர்ந்திருந்தனர். நாதசுரம் தொடங்கியபோது அப்பெண் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அவர் எழுந்து போகவில்லை.

வேந்தன் ஏவிய தொழிலுக்காகப் பிரியும் பிரிவுக்கு ஓராண்டு எல்லை வகுத்தார் தொல்காப்பியர். திரும்பியபின் உள்ளம் வந்து சேர்வதற்கு எல்லை வகுத்தவர் இல்லை, வகுக்கவும் இயலாது. அக்காலம் முழுவதும் காத்திருக்கும் பெண்ணும் முல்லைத் தலைவியே. அவளைப் பாடும் புலவர் இனித்தான் தோன்றவேண்டும். அதுவரை நம் சங்கத்துக் குடும்பங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்த முறை நம் வரிசையில் ஒரு தேரொலி கேட்கும்போது, இனிப்பு உண்டு திரும்பிவிடாமல், ஒரு திங்கள் கழித்து மறுபடியும் அக்கதவைத் தட்டி, உறக்கம் வருகிறதா என்று கேட்போமாக.